அரியணையும் குண்டர் கும்பலும்: நாடக மேடை முதல் வெள்ளித்திரை வரை துரோகத்தின் வரலாறு



அரசர்களின் வீழ்ச்சியைக் கூறும் பழம்பெரும் நாடகங்களையும் குண்டர் தலைவர்களின் வீழ்ச்சியைக் கூறும் திரைப்படங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டிலும் தலைவனைக் கொல்பவன் வெளிப்பகைவன் அல்லன்; அவனுடன் அமர்ந்து உணவு உண்டவனே ஆவான். உடைவாளுக்குப் பதில் கைத்துப்பாக்கி வந்தது. அரண்மனைக்குப் பதில் உணவகம் வந்தது. கதை மாறவில்லை. இது கதாசிரியர்களின் கற்பனை வறட்சியால் நேர்ந்ததா, அல்லது வரலாறே இவ்வாறுதான் நடந்துள்ளதா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீசரின் வீழ்ச்சி

கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் உரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். அச்சதியில் ஏறத்தாழ 60 பேர் பங்கு கொண்டனர் என்றும், சீசரின் உடலில் 23 காயங்கள் இருந்தன என்றும் பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சதியின் தலைவர்களான புரூட்டஸும் காசியஸும் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பொம்பேயின் பக்கம் நின்று சீசரை எதிர்த்தவர்கள். போரில் வென்ற சீசர் அவர்களை மன்னித்து உயர் பதவிகளையும் வழங்கினார்.

நாம் பெரும்பாலும் மறந்துவிடும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் டெசிமஸ் புரூட்டஸ். இவர் காலியாப் போர்களில் சீசரின் படைத்தளபதியாகப் பணியாற்றியவர். சீசரின் உயிலில் இரண்டாம் நிலை வாரிசுகளுள் ஒருவராகக் குறிக்கப்பட்டவர். அன்று காலை, மனைவி கல்பூர்னியா கண்ட தீய கனவால் தயங்கி வீட்டிலேயே இருந்துவிட எண்ணிய சீசரை நயமாகப் பேசி அழைத்துச் சென்றவர் இவரே. நம்பிக்கைக்குரியவர் என்பதால்தான் இவரால் அதைச் செய்ய முடிந்தது. துரோகத்திற்கு முதற்தேவை நெருக்கமே என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கொலையாளிகள் குடியரசைக் காப்பதற்கே இதைச் செய்ததாகக் கூறினர். சீசர் அவ்வாண்டின் தொடக்கத்தில் வாழ்நாள் சர்வாதிகாரியாக அறிவிக்கப்பட்டிருந்தார். ஆகவே, அவரைச் சட்டப்படி விலக்க வழியில்லை என்று அவர்கள் கருதினர். ஆனால் விளைவு என்ன? உள்நாட்டுப் போர் மூண்டது. சதிகாரர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். கி.மு. 27இல் சீசரின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ் என்னும் பட்டத்துடன் பேரரசர் ஆனார். குடியரசைக் காக்க ஓங்கிய கத்தி குடியரசுக்கே முடிவு கட்டியது.

இலண்டன் மேடையில் ஓர் ஆபத்து

இக்கதையை ஷேக்ஸ்பியர் 1599ஆம் ஆண்டு இலண்டன் மேடைக்குக் கொண்டு வந்தார். அவ்வாண்டு முக்கியமானது. எலிசபெத் அரசியாருக்கு அப்போது 66 வயது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்த அரசர் யார் என்பதை அவர் அறிவிக்கவும் இல்லை. அதைப் பற்றி வெளிப்படையாக விவாதிப்பதே ஆபத்தாகக் கருதப்பட்ட காலம் அது. நாட்டில் எவரும் பேசத் துணியாததை நாடக மேடை உரோமாபுரியின் பெயரால் பேசியது.

மேடைக்கும் அரசியலுக்கும் இருந்த தொடர்பு வெறும் ஊகமன்று. 1601ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவை அணுகி, இரண்டாம் ரிச்சர்டு மன்னர் பதவி இழக்கும் கதையை மேடையேற்றக் கேட்டுக் கொண்டனர். பழைய நாடகத்திற்குக் கூட்டம் வராது என்று குழுவினர் தயங்கியதால், வழக்கமான வருவாய்க்கு மேல் 40 ஷில்லிங் தந்தனர். மறுநாள் எசெக்ஸ் கிளர்ச்சியில் இறங்கினார், தோற்றார். அதே மாதம் 25ஆம் நாள் அவருடைய தலை வெட்டப்பட்டது. அவரும் ஒரு காலத்தில் அரசியாரின் அன்புக்குப் பாத்திரமானவரே என்பது குறிப்பிடத்தக்கது.

1603இல் எலிசபெத் மறைந்தார். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். 1605 நவம்பரில் அவரை நாடாளுமன்றத்தோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாடகமே ‘மெக்பெத்’.

உண்மையான மெக்பெத்

நாடகத்தில் மெக்பெத், தன் இல்லத்திற்கு விருந்தினராக வந்த முதிய மன்னர் டங்கனை உறக்கத்தில் கொல்கிறான். வரலாறு வேறு. உண்மையான டங்கன் முதியவர் அல்லர். 1040இல் போர்க்களத்தில் மாண்டவர். உண்மையான மெக்பெத் அதன்பின் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050இல் உரோமாபுரிக்குத் திருப்பயணம் சென்று வரும் அளவுக்கு அவருடைய ஆட்சி நிலைபெற்றிருந்தது.

எனினும், நாடகத்தின் அடியில் ஓர் ஆழமான வரலாற்று உண்மை புதைந்துள்ளது. அன்றைய ஸ்காட்லாந்தில் தந்தைக்குப் பின் மகன் என்பது வழக்கமன்று. அரச குலத்தின் கிளைகளுக்குள் வலிமையும் வயதும் வாய்ந்த ஒருவரிடம் ஆட்சி மாறி மாறிச் செல்லும். இரண்டாம் மால்கம் என்னும் மன்னர் இவ்வழக்கத்தை மீறி, தம் மகள் வயிற்றுப் பேரனாகிய டங்கனுக்கு 1034இல் அரியணை கிடைக்கச் செய்தார். மெக்பெத்தும், தம் மனைவி குரோக்கின் வழியில், அரச குலத்தோடு தொடர்புடையவரே.

ஷேக்ஸ்பியரும் இந்நுட்பத்தை விடவில்லை. நாடகத்தில் சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்டபோது மெக்பெத்தின் மனத்தில் ஆசை முளைக்கிறது. ஆனால், மன்னர் தம் மகனை இளவரசனாக அறிவிக்கும் கணத்தில்தான், நேரான வழி தனக்கு அடைபட்டதென்று அவன் உணர்கிறான். போரில் வென்று தந்தவன் ஒருவன். பட்டம் பெற்றவன் இன்னொருவன். ‘உழைத்தவன் நான், உரிமை அவனுக்கா?’ என்னும் கேள்வியே கத்தியைக் கையில் எடுக்க வைக்கிறது. இக்கேள்வியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். இது மீண்டும் வரும்.

நியூயார்க்கில் ஒரு சீசர்

இனி, 1931ஆம் ஆண்டு நியூயார்க் நகருக்குச் செல்வோம். மதுவிலக்கின் பயனாகக் கள்ளச்சாராயப் பணத்தில் கொழுத்த இத்தாலியக் குண்டர் கும்பல்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதிக் கொண்டிருந்தன. ஓரணிக்கு ஜோ மசேரியாவும் மற்றோரணிக்குச் சால்வதோர் மரன்சானோவும் தலைவர்கள். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மசேரியா கோனி தீவில் ஓர் உணவகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தவர் அவருடைய சொந்தத் தளபதியாகிய லக்கி லூசியானோ என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

வெற்றி பெற்ற மரன்சானோ ஜூலியஸ் சீசர் மீது பெரும் ஈடுபாடு கொண்டவர் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். அவர் நியூயார்க் கும்பல்களை ஐந்து ‘குடும்பங்களாக’ வகுத்தார். ஒவ்வொன்றிலும் தலைவர், துணைத்தலைவர், அவர்களுக்குக் கீழே குழுத்தலைவர்கள், அடியில் சாதாரண ஆட்கள் எனப் படைப்பிரிவு போன்ற படிநிலை அமைந்தது. எல்லாருக்கும் மேலே தம்மைத் தலைவர்களுக்கெல்லாம் தலைவராக அறிவித்துக் கொண்டார். சீசரைப் போற்றியவருக்குச் சீசரின் முடிவே வாய்த்தது. செப்டம்பர் 10ஆம் நாள், அரசு அதிகாரிகள் போல் வேடமிட்டு வந்தவர்கள் அவரை அவருடைய அலுவலகத்திலேயே கொன்றனர். ஏவியவர் அதே லூசியானோதான். அவரது தனியாட்சி ஐந்து மாதம் கூட நீடிக்கவில்லை.

லூசியானோ அறிவுக்கூர்மை மிக்கவர். தலைவர்களுக்கெல்லாம் தலைவர் என்னும் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. குடும்பத் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் ஆணையம் ஒன்றை அமைத்தார். உச்சியில் ஒருவன் தனித்து நின்றால் அவனைக் கொல்ல எல்லாருக்கும் காரணம் இருக்கும் என்பதை அவர் தம் கைகளாலேயே கற்றிருந்தார்.

திரைக்கு வந்த சீசர்கள்

வியப்பு என்னவெனில், மசேரியா கொல்லப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அதாவது 1931 ஜனவரியில், ஹாலிவுட் ‘லிட்டில் சீசர்’ என்னும் படத்தை வெளியிட்டிருந்தது. எட்வர்டு ஜி. ராபின்சன் நடித்த ரிக்கோ என்னும் சிறு குண்டன் தன் தலைவனை ஒதுக்கிவிட்டு மேலேறுகிறான். ஆனால், கும்பலை விட்டு விலக நினைக்கும் தன் பழைய நண்பனைச் சுட அவனுக்குக் கை வரவில்லை. அந்த ஒரு கணத்து இரக்கமே அவனுடைய வீழ்ச்சிக்கு வழிவகுக்கிறது. 1932இல் ஹாவர்டு ஹாக்ஸ் இயக்கத்தில் ‘ஸ்கார்பேஸ்’ வந்தது. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தில் சூழ்ச்சிக்குப் பெயர்பெற்ற போர்ஜியா குடும்பத்தைச் சிகாகோ நகரில் வைத்துப் பார்க்கும் எண்ணத்தில் உருவான படம் அது. ஆக, குண்டர் படம் பிறக்கும்போதே அரசர் கதையின் சாயலோடுதான் பிறந்தது.

இப்படங்கள் குற்றவாளிகளைக் கவர்ச்சியாகக் காட்டுகின்றன என்ற கண்டனம் எழுந்தது. 1930இல் வகுக்கப்பட்ட தணிக்கை விதிகள் 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டன. குற்றவாளியின் பால் அனுதாபம் பிறக்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆனால், முடிவில் குண்டன் சாக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு விந்தையான விளைவைத் தந்தது. உயர்ந்து பின் வீழ்பவன் அவலநாடகத்தின் தலைவனாகத் தோன்றத் தொடங்கினான். 1948இல் இராபர்ட் வார்ஷோ என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் குண்டனை அவலநாடகத் தலைவனாக வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரையே எழுதினார். 1955இல் ‘ஜோ மெக்பெத்’ என்னும் படம் ஷேக்ஸ்பியரின் கதையை நேரடியாகவே குண்டர் உலகிற்குள் கொண்டு வந்தது.

1957இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா அதே கதையைச் சாமுராய்க் காலத்தில் வைத்து ‘இரத்த அரியணை’ என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற படத்தை எடுத்தார். அதில் மனைவி கணவனிடம் கூறும் வாதம் கூர்மையானது. நீ கொல்லத் தயங்கும் தலைவனும் தனக்கு முன்னிருந்தவனைக் கொன்றே இவ்விடத்தை அடைந்தான் என்கிறாள் அவள். இறுதியில் அத்தளபதி எதிரியால் சாகவில்லை. அவனுடைய சொந்த வில்லாளர்களே அவன் மீது அம்பு மழை பொழிகின்றனர். மேலிருப்பவனைக் கொல்லலாம் என்று அவனே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தான்.

கோர்லியோன் அரச குடும்பம்

1972இல் வெளிவந்த ‘தி காட்பாதர்’ இவ்வகைப் படங்களின் சிகரம் எனலாம். மாரியோ பூசோவின் 1969ஆம் ஆண்டு நாவலைப் படமாக்கிய பிரான்சிஸ் போர்டு கொப்போலா, இதை ஓர் அரசனும் அவனுடைய மூன்று மகன்களும் பற்றிய கதையாகவே கண்டார். மூத்தவன் சன்னி கோபக்காரன். நடுவிலவன் பிரெடோ பலவீனன். இளையவன் மைக்கேல் ஒதுங்கி நிற்பவன். அரியணை யாருக்கு என்பதே கதை.

இப்படத்தில் வரும் துரோகங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். சன்னியைக் காட்டிக் கொடுப்பவன் அவனுடைய தங்கையின் கணவன். மைக்கேலைக் காட்டிக் கொடுக்க முனைபவர், அவனுடைய தந்தையோடு தொடக்கக் காலம் முதல் உடனிருந்த டெசியோ. இவர் தீயவராகக் காட்டப்படவில்லை. இளைய தலைவனின் கை தாழ்ந்துவிட்டது என்று கணக்கிட்டார். வெல்லும் பக்கம் சாய்ந்தார். பிடிபட்டபோதும் தமக்கு மைக்கேலின் மேல் வெறுப்பில்லை, இது தொழில் மட்டுமே என்று சொல்லி அனுப்புகிறார். மகனுக்கு முதிய தந்தை முன்பே எச்சரிக்கை செய்திருந்தார்: பகைவனோடு சமாதானப் பேச்சு என்று எவன் முதலில் வந்து சொல்கிறானோ, அவனே துரோகி. அனுபவம் மிக்க அரசன் தன் வாரிசுக்கு விட்டுச் செல்லும் பாடம் இதுதான் என்றால், அந்த அரசு எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

1974இல் வந்த இரண்டாம் பாகத்தில் உரோமாபுரி மீண்டும் வருகிறது. சிறைக்காவலில் உள்ள பெண்டாஞ்சலி என்னும் பழைய குழுத்தலைவர், கும்பல் குடும்பங்கள் உரோமப் படைப்பிரிவுகளைப் போல் அமைக்கப்பட்டதைப் பெருமையுடன் நினைவு கூர்கிறார். பேரரசருக்கு எதிரான சதி தோற்றால், சதிகாரன் தானே உயிரை மாய்த்துக் கொண்டால் அவன் குடும்பம் காக்கப்படும் என்ற பழைய வழக்கமும் அப்பேச்சில் வருகிறது. பின்னர் அவர் குளியல் தொட்டியில் நரம்பை அறுத்துக் கொண்டு இறக்கிறார். கி.பி. 65இல் நீரோ மன்னனுக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தத்துவ அறிஞர் செனெக்கா தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்ட முறையை அது நினைவூட்டுகிறது.

அப்படத்தில் மைக்கேல் தன்னைக் காட்டிக் கொடுத்த அண்ணன் பிரெடோவைத் தாய் உயிரோடிருக்கும் வரை விட்டுவைத்து, அவள் மறைந்தபின் கொல்லச் செய்கிறான். பிரெடோவின் மனக்குறை என்ன? மூத்தவனாகிய தன்னை விட்டுவிட்டு இளையவனுக்குத் தலைமை சென்றது என்பதே! மெக்பெத்தின் கேள்வி இங்கே மீண்டும் ஒலிக்கிறது.

திரையை விஞ்சிய உண்மை

இவை யாவும் கதை என்று ஒதுக்க முடியாதபடி வரலாறு தொடர்ந்தது. நியூயார்க்கின் ஐந்து குடும்பங்களுள் ஒன்றின் கதையை மட்டும் காண்போம். 1951இல் அதன் தலைவர் வின்சென்ட் மங்கானோ காணாமல் போனார். துணைத்தலைவர் ஆல்பர்ட் அனஸ்தாசியா அவருடைய இடத்தில் அமர்ந்தார். 1957 அக்டோபர் 25ஆம் நாள் அனஸ்தாசியா முடிதிருத்தும் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது சுடப்பட்டார். அடுத்து வந்தவர் அவருக்குக் கீழிருந்த கார்லோ கம்பினோ. 1976இல் இறக்கும் முன் கம்பினோ, நெடுங்காலத் துணைத்தலைவரான அனியெல்லோ டெலக்ரோச்சேவை விட்டுவிட்டுத் தம் மைத்துனர் பால் காஸ்தெல்லானோவுக்குத் தலைமையை அளித்தார். உழைத்தவர் ஒருவர், பட்டம் பெற்றவர் உறவினர். 1985 டிசம்பர் 2ஆம் நாள் டெலக்ரோச்சே நோயால் இறந்தார். இரண்டே வாரங்களில், டிசம்பர் 16ஆம் நாள், அவருடைய ஆதரவாளரான ஜான் கோட்டி, காஸ்தெல்லானோவை ஓர் உணவகத்தின் வாசலில் கொல்லச் செய்து தலைவரானார்.

அக்கொலையில் கோட்டிக்குத் துணை நின்ற சாமி கிரவானோ பின்னர் அவருக்குத் துணைத்தலைவரானார். கோட்டி தம்மைக் குறை கூறிப் பேசியதைக் காவல்துறையின் ஒலிப்பதிவில் கேட்ட கிரவானோ அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 1992இல் கோட்டிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது; 2002இல் சிறையிலேயே இறந்தார். ஐந்து தலைவர்கள், 41 ஆண்டுகள். அவர்களுள் படுக்கையில் அமைதியாக மாண்டவர் கம்பினோ ஒருவரே.

நம்மருகே

இக்கதை கிழக்கிலும் வேர் கொண்டது. விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ 2003இல் மெக்பெத்தை மும்பைக் குண்டர் உலகிற்குக் கொண்டு வந்தது. அதில் எதிர்காலம் உரைக்கும் சூனியக்காரிகளுக்குப் பதிலாக, ஊழல் மிகுந்த இரண்டு காவல் அதிகாரிகள் வருகின்றனர். 1987இல் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ துரோகத்திலேயே தொடங்குகிறது; சிறுவன் வேலுவின் நம்பிக்கையைப் பயன்படுத்தியே காவலர்கள் அவனுடைய தந்தையைக் கண்டுபிடித்துக் கொல்கின்றனர். நீதிமன்றம் விடுவித்த வேலு நாயக்கரை இறுதியில் சுடுபவன், அவரால் கொல்லப்பட்ட காவலரின் மகன். அவன் அவராலேயே ஆதரிக்கப்பட்டு வளர்ந்தவன்.

நம் மலேசிய வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1871இல் பேராக் சுல்தான் அலி மறைந்தபோது, ராஜா மூடாவாகிய அப்துல்லாவை விட்டுவிட்டு இஸ்மாயில் சுல்தானாக்கப்பட்டார். அதே காலத்தில் லாருட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரகசியச் சங்கங்கள் மோதிக் கொண்டிருந்தன. அரியணைப் போட்டியும் கும்பல் போட்டியும் பின்னிப் பிணைந்தன. 1874 ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம் அப்துல்லாவுக்கு அரியணையைத் தந்தது. ஆங்கிலேயருக்கு நாட்டின் நிருவாகத்தில் நுழையும் வாயிலைத் தந்தது.

கற்க வேண்டிய பாடம்

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? துரோகம் என்பது தனிமனிதரின் குணக்கேடு மட்டுமன்று. தலைவனை விலக்கவும், அடுத்தவனைத் தெரிவு செய்யவும் எல்லாரும் ஏற்கும் விதி இல்லாத இடத்தில், கொலையே தேர்தலாகிவிடுகிறது. அங்கே விசுவாசத்தைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசப்படுகிறதோ, அவ்வளவுக்கு அது அரிதாக இருக்கிறது. வள்ளுவர் வெளிப்பகையோடு நின்றுவிடாமல் ‘உட்பகை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தது இதனால்தான் போலும்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களுள் பெரும்பாலோர் இந்தியர் என்ற செய்தி நம் சமுதாயத்தைத் தலைகுனிய வைத்தது. பதின்ம வயதில் கும்பலில் சேரும் பையன் பணத்தை மட்டும் தேடிப் போவதில்லை. ‘அண்ணன்’ இருக்கிறார், அவர் கைவிடமாட்டார் என்னும் நம்பிக்கையைத் தேடியே போகிறான். திரைப்படமும் அவனுக்கு அதைத்தான் காட்டுகிறது. கறுப்பு உடையும், கைமுத்தமும், பின்னணி இசையும் அவன் கண்ணில் படுகின்றன.

அவனிடம் படம் பார்க்காதே என்று சொல்வதால் பயனில்லை. முழுப்படத்தையும் பார் என்று சொல்வோம். இறுதிக் காட்சி வரை பார். யார் யாரைக் கொன்றார் என்று ஒரு தாளில் எழுது. அவர்களுள் எத்தனை பேர் ஒரே மேசையில் உண்டவர்கள் என்று எண்ணிப் பார் என்று கேட்போம். சீசர் முதல் கோட்டி வரை அந்தப் பட்டியல் ஒன்றுதான். அதை அவனே எழுதி முடித்தபின், நாம் அறிவுரை கூற வேண்டிய தேவை அதிகம் இராது.